வெயிலுக்கு எந்த எண்ணெய்? உண்பதும் பூசுவதும் குடை பிடிப்பதும்: ஓர் ஒப்பீடு

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய வாசகத்தில் வெயிலுக்கு இடமில்லை. அதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா என்று விட்டிருப்பார்கள். பங்குனி பிறந்ததும் தொடங்கிவிடும் வெயில் பேச்சில் இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: வெயிலில் தோல் எரியாமலும் கருகாமலும் இருக்க எந்த எண்ணெயைச் சாப்பிட வேண்டும்?

காட்பாடியிலிருந்து இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் ஸ்கூட்டியில் சென்று வரும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டாள். அணைக்கட்டுப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் பெரியவர் ஒருவர், செக்கில் ஆட்டிய எண்ணெயைச் சாப்பிட்ட காலத்தில் வெயில் தங்களை ஒன்றும் செய்ததில்லை என்றும், பாக்கெட் எண்ணெய் வந்த பிறகே பேரப்பிள்ளைகளுக்கு முகம் எரிகிறது என்றும் உறுதியாகச் சொன்னார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் அவருடைய பேரனோ, சூரியகாந்தி எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டால் வெயிலே சுடாது என்று கைப்பேசியில் பார்த்ததை நம்பிக்கொண்டிருக்கிறான். மூவரும் ஒன்றையே கேட்பதுபோல் தோன்றினாலும் மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆகவே வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதை வைத்து நிறுப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பேச்சில் ‘வெயில்’ என்னும் ஒரே சொல்லுக்குள் வெப்பமும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தே குடியிருக்கின்றன. வியர்வை, வேர்க்குரு, நாவறட்சி, மயக்கம் ஆகியவை வெப்பத்தின் வேலை. தோல் சிவந்து எரிவதும், கருப்பதும், இரண்டு மூன்று நாளில் உரிவதும் புற ஊதாக் கதிரின் வேலை. ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று நல்லெண்ணெயைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னது முதலாவதை மனத்தில் வைத்துத்தான்; அந்தச் சொல்லை எடுத்து இரண்டாவதற்கு மருந்தாக்கியது நாம்தான்.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதும் இல்லை. சித்திரை மாதத்தில் வேலூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பகல் சுமார் 12 மணி 10 நிமிடத்துக்கு. புற ஊதாக் கதிர் மிகுந்திருப்பது அதையொட்டிய இரண்டு மூன்று மணி நேரம். வெப்பமானி உச்சத்தைக் காட்டுவதோ 2 மணிக்குப் பிறகு. மாலை 5 மணிக்குத் தார்ச்சாலை இன்னும் தகித்துக்கொண்டிருக்கும்போது தோலை எரிக்கும் கதிர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மறுபுறம், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரிக்குச் சென்று குளுகுளுவென்று நண்பகலில் படகு விடுபவர், 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற கணக்கில், கீழே திருப்பத்தூரில் நிற்பவரைவிடக் கூடுதலான கதிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். கத்திரி மே 4 வாக்கில் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை. தெளிந்த வானமுள்ள கோடை நண்பகலில் நம் பகுதி 11-ஐத் தாண்டுவது வழக்கம்.

அடுத்தது, எவ்வளவு காப்பு என்பதை எந்த அலகில் சொல்வது என்பது. தோல் மருத்துவர்கள் ஒருவரின் முதுகிலோ கையிலோ சிறு சிறு கட்டங்களில் படிப்படியாகக் கூடும் அளவில் கதிரைப் பாய்ச்சி, மறுநாள் எந்தக் கட்டம் முதலில் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். தோல் சிவக்கத் தொடங்கும் அந்தக் கதிரளவு இரண்டு மடங்கானால் காப்பு 2; முப்பது மடங்கானால் காப்பு 30. சன்ஸ்கிரீன் குழாயில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணும் இதே கணக்குத்தான். தோலின் நிறமும் இதே அலகில் ஒரு காப்பு என்பதை மறக்கக் கூடாது: 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அளவீட்டில் கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் இயல்பான காப்பு 13.4 என்றும் வெள்ளையரின் மேல்தோல் தருவது 3.4 என்றும் கண்டார்கள். நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம். அதனால் நமக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவது குறைவு. கருமை, மங்கு, ‘வெயில் அலர்ஜி’ என்று சொல்லப்படும் அரிப்புத் தடிப்புகள் ஆகியவையே அதிகம்.

இந்த அலகை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். காப்பு எத்தனை மடங்கு? பலன் தொடங்க எவ்வளவு காலம்? சான்று யாருடைய தோலில் கிடைத்தது? விலைச்சீட்டில் எழுதாத செலவு என்ன?

அடுப்படி எண்ணெய்: கடலை, நல்லெண்ணெய், தேங்காய், சூரியகாந்தி

பெரியவரின் கட்சியிலிருந்தே தொடங்குவது நியாயம். வட ஆற்காட்டில் மல்லாட்டை வெறும் பயிர் அன்று. விதைப்பதும் பிடுங்குவதும் காயவைப்பதும் செக்குக்குக் கொண்டுபோவதும் ஆண்டு முழுவதும் வீட்டு நாட்காட்டியாகவே இருந்திருக்கின்றன. அந்த எண்ணெயின் சுவைக்கும் மணத்துக்கும் நானும் அடிமை. ஆனால் சுவை வேறு, காப்பு வேறு.

கடலை எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பு. நல்லெண்ணெயில் ஒலியிக்கும், லினோலியிக் என்னும் இன்னொரு கொழுப்பும் தலா சுமார் 40 விழுக்காடு. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் மிகுதி. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறை கொழுப்பு. இவற்றுள் ஒலியிக் அமிலத்தைப் பற்றி நேரடியான விடையே இருக்கிறது. 2003-இல் இங்கிலாந்தில் லெஸ்லி ரோட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள 42 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மீன் எண்ணெயிலுள்ள ஈ.பி.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பை நாளொன்றுக்கு 4 கிராமும், மறுபகுதியினருக்கு அதே அளவு ஒலியிக் அமிலமும் மூன்று மாதங்கள் கொடுத்தார்கள். ஒலியிக் அமிலம் உண்டவர்களின் தோல் சிவக்கும் அளவில் மாற்றம் ஏதுமில்லை. கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதி அந்த அமிலமே என்பதால், வெயில் காப்புக்காக இவற்றைக் கூடுதலாக ஊற்றிக்கொள்வதற்குக் காரணம் இல்லை.

பேரனின் கட்சி சற்று வேறானது. அவன் ஓர் எண்ணெயைச் சேர்க்கச் சொல்லவில்லை, ஒன்றை நீக்கச் சொல்கிறான். அந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. லினோலியிக் அமிலத்திலிருந்து உடம்பு அராகிடோனிக் அமிலத்தை உண்டாக்குகிறது; கதிர் பட்ட தோலில் அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் உருவாகி இரத்தக் குழாய்களை விரிக்க, நாம் அதைச் சிவப்பாகவும் எரிச்சலாகவும் காண்கிறோம். எலிகளிடம் செய்த சோதனைகளில், லினோலியிக் மிகுந்த தீனி புற ஊதாக் கதிரால் வரும் தோல் கட்டிகளைக் கூட்டியதும் உண்மை. ஆனால் எலியின் கட்டியிலிருந்து மனிதனின் வெயில் எரிச்சலுக்கு ஒரே தாவாகத் தாவிவிட முடியாது. சூரியகாந்தி எண்ணெயை நிறுத்தியதால் மனிதத் தோல் சிவக்கும் அளவு உயர்ந்தது என்று கட்டங்கட்டமாகக் கதிர் பாய்ச்சி யாரும் நிறுவியதாக இந்தக் காணொளிகளே காட்டுவதில்லை. மேலும் லினோலியிக் அமிலம் தோலுக்கு இன்றியமையாதது; அது அறவே கிடைக்காவிட்டால் தோல் செதில் செதிலாக வறண்டுவிடும்.

அப்படியானால் பெரியவரின் அனுபவம் பொய்யா? இல்லை, காரணத்தைத்தான் அவர் வேறிடத்தில் தேடுகிறார். அவருடைய தலைமுறை விடியுமுன் கழனிக்குப் போய், உச்சி வெயிலுக்கு முன் வேப்பமர நிழலுக்குத் திரும்பியது; தலையில் துண்டு இருந்தது. ஆண்டு முழுவதும் வெயில் பட்டுப் பட்டுத் தோல் கருத்துத் தடித்துத் தானே ஒரு காப்பாகியும் விட்டது. பேரன் பத்து மாதம் அறைக்குள் இருந்துவிட்டு மே மாதத்தில் கோட்டை மைதானத்தில் நண்பகல் கிரிக்கெட் ஆடுகிறான்.

மறைவான செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. காப்புக்காக என்று நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூடுதலாகச் சேர்த்தால் ஏறத்தாழ 240 கலோரி ஏறும். செக்கு எண்ணெய் பாக்கெட் எண்ணெயைவிடக் கணிசமாக விலை கூடியது. அத்துடன் சரியாகக் காயாத மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு வடிகட்டாத எண்ணெயிலும் ஓரளவு வந்து சேரும் என்பதால், செக்குக்காரர் எந்தக் கொட்டையை ஆட்டுகிறார் என்று பார்த்து வாங்க வேண்டும். சமையல் எண்ணெயைச் சமையலுக்காகத் தேர்ந்தெடுங்கள். வெயிலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மீன் எண்ணெய்

உண்ணும் எண்ணெய்களுள் மனிதத் தோலில் சோதித்து ஓரளவு பலன் கண்டது இது ஒன்றே. மேலே சொன்ன 2003 ஆய்வில் ஈ.பி.ஏ. உண்டவர்களின் தோல் சிவக்கும் அளவு, கதிரை அளக்கும் அலகில், சராசரி 36-லிருந்து 49-க்கு உயர்ந்தது. அதாவது ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். அதற்கு முன் 1994-இல் அதே ஆய்வாளர் வெளியிட்டது இன்னும் எடுப்பானது: 15 பேர் நாளொன்றுக்கு 10 கிராம் மீன் எண்ணெய் உண்டார்கள், ஆறு மாதம் தொடர்ந்தவர்களிடம் அந்த அளவு 18.9-லிருந்து 41.1 ஆனது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நிறுத்தியபின் பத்து வாரத்தில் மீண்டும் 23 அருகே இறங்கிவிட்டது.

இது நடக்கும் விதமும் புரியக்கூடியதே. தோலின் உயிரணுச் சவ்வுகளில் அராகிடோனிக் அமிலம் இருக்கும் இடத்தில் ஒமேகா-3 போய் உட்கார்ந்துகொள்வதால், எரிச்சலூட்டும் புரோஸ்டாகிளாண்டின் குறைவாக உண்டாகிறது. இங்கே ஒரு நெருடலும் உண்டு. சிவப்பு குறைவது ஒன்று, சேதம் குறைவது மற்றொன்று. இபுபுரூஃபென் என்னும் வலி மாத்திரையும் சிவப்பைக் குறைக்கும். அதனால் கதிர் உள்ளே நுழையவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2003 ஆய்வில் சில சேதக் குறிகளும் குறைந்தன என்பது மீன் எண்ணெய்க்குச் சாதகம். 1994 ஆய்வில் தோலின் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவது கூடியது என்பது பாதகம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனிக் கணக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையில் பெரும்பாலும் 180 மில்லிகிராம் ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ. என்னும் இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு 120 மில்லிகிராமும் இருக்கும். 1994 ஆய்வின் அளவை எட்ட நாளுக்குப் பத்து மாத்திரை; ஆறு மாதத்துக்கு 1,800 மாத்திரை; 60 மாத்திரை கொண்ட புட்டி என்றால் 30 புட்டி. இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது காப்பு எண் 2. அந்த உறவுக்காரப் பெண் வாங்க நினைத்ததுபோல் நாளுக்கு ஒரு மாத்திரை என்றால், அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு இந்த ஆய்வுகள் எந்த வாக்குறுதியும் தரவில்லை. இந்தச் சோதனைகள் செய்யப்பட்டவை எளிதில் சிவக்கும் வெளிர் தோலில் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறைவான செலவு பணத்தோடு முடியவில்லை. நாளொன்றுக்குச் சில கிராம் ஒமேகா-3 மாதக்கணக்கில் எடுத்தவர்களிடம் இதயத் துடிப்புச் சீர்குலையும் வாய்ப்பு சற்றே கூடியதைப் பெரிய இதய ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஏப்பத்தில் வரும் மீன் வாடையை நான் செலவில் சேர்க்கவில்லை, வீட்டார் சேர்ப்பார்கள்.

இது பொருந்தும் ஓர் இடம் உண்டு. கோடை தொடங்கியதும் முன்கையிலும் பின்கழுத்திலும் அரிக்கும் சிறு தடிப்புகள் ஆண்டுதோறும் வருபவர்களிடம், அதாவது உண்மையான வெயில் அலர்ஜி உள்ளவர்களிடம், 1995-இல் 13 பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வில் மீன் எண்ணெய் ஓரளவு உதவியது. அப்படிப்பட்டவர்கள் தோல் மருத்துவரிடம் கேட்டு, தை மாதத்திலேயே தொடங்கினால் அதற்குப் பொருள் உண்டு. மற்றவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு போதும். 100 கிராம் மத்தியில் ஒமேகா-3 பெரும்பாலும் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும். கடல் மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வரும் ஊர் நம்முடையது என்றாலும் மத்தி விலை குறைந்த மீன்தான். அதை இதயத்துக்காகச் சாப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ஆளி விதை எண்ணெய்

சைவ உணவுக்காரர்கள் உடனே கேட்பது இதைத்தான். வேலூர் லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடைகளில் ஆளி விதை எளிதாகக் கிடைக்கிறது. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3. ஆனால் அது மீனிலுள்ள ஈ.பி.ஏ. அன்று. உடம்பு அதை ஈ.பி.ஏ.வாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாறுவது நூற்றுக்குச் சில பங்கே. 2009-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் பெண்கள் 12 வாரம் நாளுக்கு 2.2 கிராம் ஆளி எண்ணெய் உண்டபோது தோலின் ஈரம் காக்கும் திறன் கூடியது, செயற்கையாக உண்டாக்கிய சிவப்பும் குறைந்தது. அந்தச் சிவப்பை உண்டாக்கியது ஒரு வேதிப்பொருள், புற ஊதாக் கதிர் அன்று. விளம்பரங்களில் இந்த நுணுக்கம் காணாமற்போய்விடும். வறண்ட தோல் உள்ளவர் முயன்று பார்க்கலாம். தாளிக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், காறிவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

எண்ணெயில் வதக்கிய தக்காளி

எண்ணெயைப் பற்றிய கேள்விக்கு நடுவில் தக்காளி வருவது வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுவே. 2001-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் வில்ஹெல்ம் ஸ்டால் குழுவினர் சிலருக்கு நாளும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயுடன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எண்ணெயை மட்டும் கொடுத்தார்கள். பத்தாவது வாரத்தில் கதிர் பாய்ச்சியபோது, தக்காளி உண்டவர்களின் முதுகில் சிவப்பு 40 விழுக்காடு குறைவு. எண்ணெய் மட்டும் உண்டவர்களே ஒப்பிடுவதற்கான அடிக்கோடாக இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வேலை செய்தது லைக்கோபீன் என்னும் சிவப்புப் பொருள். அது கொழுப்பில் கரைவதால் எண்ணெய் அதைக் குடலிலிருந்து ஏற்றிச் செல்லும் வண்டியாக மட்டும் இருந்தது.

நம் சமையலில் தக்காளியை எண்ணெயில் வதக்காத நாளே இல்லை என்று மகிழ்வதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும். அந்த விழுதில் இருந்தது நாளுக்குச் சுமார் 16 மில்லிகிராம் லைக்கோபீன். சாதாரணத் தக்காளியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் என்று கொண்டால், ஒரு ஆளுக்கு நாளும் அரைக் கிலோவுக்கு மேல் தக்காளி, பத்து வாரத்துக்கு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதை மறக்காதவர்கள் இதன் செலவைத் தாமே போட்டுக்கொள்வார்கள். தொக்காகக் காய்ச்சி வைத்தால் அளவு சுருங்கும், உப்பு ஏறும். இரத்த அழுத்தக்காரர்கள் கவனிக்க வேண்டும். காப்பு எண்ணாகச் சொன்னால் தோராயமாக 2-ஐ எட்டாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. 1994-இல் ஃபின்லாந்திலும் 1996-இல் அமெரிக்காவிலும் வெளியான பெரிய ஆய்வுகளில் புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. கேரட்டும் முருங்கைக் கீரையும் அந்தக் கணக்கில் வாரா.

எண்ணெயைத் தோலில் பூசுவது

உண்பதைவிடப் பூசுவது மேல் என்ற எண்ணம் இயல்பானது. தேங்காய் எண்ணெய்க்கு எஸ்.பி.எஃப். 7 அல்லது 8 என்று பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண் 2010-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையிலிருந்து வந்தது. எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துக் கண்ணாடிக் குடுவையில் ஒளி அளந்து கணக்கிட்டது. அதே சோதனையில் நல்லெண்ணெய் 2-ஐக்கூடத் தொடவில்லை. குடுவையில் நின்ற எண்ணெய் தோலில் நிற்காது. தேய்த்த கால் மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்து மெல்லிய மினுமினுப்பு மட்டுமே மிஞ்சும். இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் உண்டு: சோரியாசிஸ் நோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் மருத்துவர்கள், செதிலான தோலுக்குள் கதிர் நன்றாக நுழையட்டும் என்பதற்காகவே சிகிச்சைக்கு முன் இத்தகைய எண்ணெயைத் தடவச் சொல்வதுண்டு.

நம் முன்னோர் எண்ணெய்க் குளியலுக்கு ஒரு பத்தியம் வைத்திருந்தார்கள்: எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையாதே. எண்ணெயை வெயிலுக்குக் கவசமாக அவர்கள் நினைத்திருந்தால் இந்தப் பத்தியம் பிறந்திருக்காது. இரவில் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதில் குறையொன்றும் இல்லை. பகலில் கவசம் என்று தடவுவதில்தான் ஏமாற்றம்.

போகிற போக்கில் ஒன்று. குளியல் பொடியிலும் சில தைலங்களிலும் சேரும் கார்போக அரிசியில் தோலைக் கதிருக்கு மேலும் கூச்சப்பட வைக்கும் சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதை மருந்தாகப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். கோடையில் ‘மூலிகைப் பொடி’ போட்டும் முகம் எரிகிறது என்பவர்கள் அதில் என்ன அரைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போவதும் இதே வம்பு.

சன்ஸ்கிரீன்

எஸ்.பி.எஃப். 30 என்றால், சரியாகப் பூசினால், எரிக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காடு தடுக்கப்படும். ‘சரியாக’ என்பதில்தான் சூட்சுமம். சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பொட்டு வைப்பதுபோல் வைத்துக்கொள்வதால் பாதியோ கால்வாசியோதான் சேரும், காப்பும் அதற்கேற்பச் சரியும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் அளவு கிட்டத்தட்டச் சரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இந்தக் கணக்கில் 50 கிராம் குழாய் ஒரு மாதம் தாண்டாது. குடும்பத்தில் நால்வர் என்றால் மளிகைச் சீட்டில் அது ஒரு தனி வரி. மே மாத வியர்வையில் பிசுபிசுப்பு, கரிய முகத்தில் சாம்பல் பூத்தாற்போன்ற வெண்மை ஆகியவையும் உண்டு. இருந்தும், மூடி மறைக்க முடியாத முகத்துக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

துணி, குடை, நேரம்

கறுப்புக் குடைகள் கதிரில் குறைந்தது 90 விழுக்காட்டைத் தடுத்ததாக 2013-இல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். ஒருமுறை வாங்கினால் இரண்டு மூன்று கோடை வரும். குறை என்னவென்றால் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தெறித்து வரும் கதிரைக் குடை பிடிக்காது. ஸ்கூட்டியில் பிடிக்கவும் முடியாது.

துணியில் நிறமும் நெசவும் முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் துணியின் காப்பு 5 முதல் 7 வரைதான், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி 50-ஐத் தாண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துணி வழியே விரல்கள் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பதே எளிய சோதனை. அடர்நிறம் வெப்பத்தை இழுக்கும் என்பது இதன் மறைவான செலவு. தளர்வாகத் தைத்தால் அது பாதி தீரும். நேரத்துக்குச் செலவே இல்லை: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை கதிர் கடுமை. ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூலிக்குப் போகிறவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரே பார்வையில்

| வழி | காப்பு (மடங்கு) | பலன் தொடங்க | எழுதாத செலவு |
|---|---|---|---|
| கடலை, ஆலிவ் எண்ணெய் கூடுதலாக உண்பது | மாற்றமில்லை | — | கலோரி |
| மீன் எண்ணெய், நாளுக்கு 10 கிராம் | சுமார் 2 | 3–6 மாதம் | 30 புட்டி, மருந்துச் சிக்கல் |
| ஆளி விதை எண்ணெய் | கதிருக்குச் சான்றில்லை | — | விரைவில் காறும் |
| தக்காளி விழுதும் எண்ணெயும் | 2-க்குக் கீழ் | 10 வாரம் | தக்காளி விலை, உப்பு |
| தேங்காய் எண்ணெய் பூசுவது | நம்ப முடியாது | — | பொய்த் தைரியம் |
| சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30 | 30; குறைவாகப் பூசினால் மிகக் குறைவு | உடனே | மாதம் ஒரு குழாய் |
| கறுப்புக் குடை | சுமார் 10 | உடனே | கை ஒன்று போகும் |
| நெருக்கமான முழுக்கைத் துணி | 50 வரையும் மேலும் | உடனே | புழுக்கம் |

யாருக்கு எது

ஸ்கூட்டியில் போகும் பெண்ணுக்கு மாத்திரைப் பணத்தைச் சன்ஸ்கிரீனுக்கும் முழுக்கை மேலாடைக்கும் மாற்றச் சொன்னேன். காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குத் திரும்புகிறவளுக்கு வெப்பம்தான் தொல்லை. கதிர் அவ்வளவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடைத்தெருவுக்குப் போகும் ஒரு மணி நேரமே அவளுக்கு வாரத்தின் கடுமையான வெயில். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் தோல் எளிதில் எரியும் என்பதால் அதையும் கேட்டுக்கொண்டேன்.

பேரனுக்குச் சொல்ல வேண்டியது எண்ணெயைப் பற்றியதே அன்று. ஆட்டத்தைக் காலை 9 மணிக்குள் முடிப்பதைப் பற்றியது. அவன் வீட்டில் எண்ணெயைக் குறைத்தால் நல்லதுதான், ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் போதும். அதனால் பயன் பெறுவது அவனுடைய இடுப்பு. உடம்பில் எந்த இடத்தையும் விடாமல் மூடிக்கொண்டே இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம் என்பதால், அவர்கள் இரத்தத்தில் அதைப் பார்த்துக்கொள்வது தகும்.

பெரியவர் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய கழனியில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டையைச் சித்திரையில் பிடுங்க வரும் பெண்களைக் காட்டிக் கேட்டேன்: சேலைக்கு மேல் வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டை முக்காடிட்டு வருகிறார்களே, எதற்கு? “செடி அறுக்கும், வெயில் சுடும், அதுக்குத்தான்” என்றார். அந்தச் சட்டை நனைந்துவிட்டால் காப்பு குறையும் என்பதால், மதியத்துக்கு மாற்ற இன்னொரு பழைய சட்டையும் கட்டுச் சோற்றோடு வரட்டும் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டினார்.